அவருக்கு வேலை செய்யும் மாத்திரை எனக்கு வேலை செய்யாதா?

போன இதழில் ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை, கேள்வியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இந்த மாத்திரை ஆண்களுக்குச் செய்வதை எங்களுக்கும் செய்யுமா? அதனால் இந்த முறை மூட்டு வலி, அல்சர் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டாக்டர், எனக்கு 58 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாரடைப்பு எதுவும் வந்ததில்லை. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 148 இருந்ததால் அட்டார்வாஸ்டாட்டின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டென்ட் வைத்திருக்கும் என் கணவர் அதே மாத்திரையில் 40 சாப்பிடுகிறார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாத்தனார் ஒரு செய்தி போட்டார்: "ஸ்டாட்டின் பெண்களின் உயிரைக் காப்பாற்றாது என்று ஆய்விலேயே தெரிந்துவிட்டது, கம்பெனிக்காரர்கள் மறைக்கிறார்கள்." அதைப் படித்த பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே? — வாசகி, கும்பகோணம்

சரியில்லை அம்மா. உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பியுங்கள். ஆனால் உங்கள் நாத்தனார் அனுப்பியதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது, அதைப் பாதியில் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்த 4,444 பேருக்கு, பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், மீதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கும் டம்மி மாத்திரை. ஐந்தரை வருடம் போல் கவனித்தார்கள். டம்மி குழுவில் 256 பேர் இறந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் 182 பேர். ஸ்டாட்டின் உயிரைக் காக்கும் என்று உலகம் ஒப்புக்கொண்டது இந்த ஆய்வுக்குப் பிறகுதான். சரி, இந்த 4,444 பேரில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? 827. அவர்களில் டம்மி எடுத்தவர்களில் இறந்தவர்கள் 25, மருந்து எடுத்தவர்களில் இறந்தவர்கள் 27.

வாட்ஸ்அப் செய்தியின் வேர் இந்த 25-உம் 27-உம் தான். இந்த இரண்டு எண்ணை மட்டும் தனியாக எடுத்துக் காட்டினால் யாருக்கும் பயம் வரும், எனக்கே வரும். ஆனால் அதே கட்டுரையில், அதே பெண்களுக்கு மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகள் எத்தனை வந்தன என்றும் இருக்கிறது: டம்மி எடுத்தவர்களில் 91 பேருக்கு, மருந்து எடுத்தவர்களில் 59 பேருக்கு. மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, ஆண்களுக்குக் குறைந்த அதே அளவுதான். மரணத்தில் மட்டும் ஏன் தெரியவில்லை? ஆய்வில் பெண்களே குறைவு, அந்த ஐந்து வருடத்தில் அவர்களில் இறந்தவர்கள் இன்னும் குறைவு, மொத்தமே 52 பேர். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் இரண்டு பேர் இந்தப் பக்கம் விழுவதும் அந்தப் பக்கம் விழுவதும் தற்செயல்.

அடுத்த வருடம், 1995-இல், ஸ்காட்லாந்தில் மாரடைப்பே வராதவர்களிடம் பிரவாஸ்டாட்டினைச் சோதித்தார்கள். 6,595 பேர், அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை! நடுத்தர வயதில் மாரடைப்பு ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அவர்களை வைத்துச் செய்தால் விடை சீக்கிரம் கிடைக்கும், செலவும் குறையும் என்பது கணக்கு. அமெரிக்காவில் கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்து ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-இல் அவர்களுடைய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே வழிகாட்டியிருந்தது, 1993-இல்தான் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆக, பெண்களைப் போதுமான அளவு சேர்க்காமலேயே பத்துப் பதினைந்து வருடம் ஆய்வு செய்துவிட்டு, அப்புறம் 2004-இல் எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்து, "இதய நோய் இல்லாத பெண்களுக்கு இந்த மாத்திரையால் பலன் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை" என்று எழுதினார்கள். அன்றைய நிலைக்கு அது நேர்மையான வாக்கியம்தான். "ஆதாரம் போதவில்லை" என்பது வாட்ஸ்அப்பில் கை மாறி மாறி "பலன் இல்லை" ஆகி, கடைசியில் "மறைக்கிறார்கள்" ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. 2006-இல் ஜப்பானில் நடந்த ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். 2008-இல் வந்த ஜூப்பிட்டர் ஆய்வில் 17,802 பேர், அதில் 6,801 பேர் பெண்கள். எல்.டி.எல். அதிகமில்லாத, ஆனால் ரத்தத்தில் அழற்சிக்கான அடையாளம் கூடியிருந்த ஆட்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் வகையறா பெண்களுக்கு 46 சதவீதமும் ஆண்களுக்கு 42 சதவீதமும் குறைந்தது. 2015-இல் 27 ஆய்வுகளில் இருந்த சுமார் 1,74,000 பேரின் தனித்தனிக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் பெண்கள் 46,675 பேர். எல்.டி.எல். ஒவ்வொரு 39 புள்ளி இறங்கும்போதும் பெரிய ரத்தநாளப் பிரச்சினைகள் பெண்களுக்கு 16 சதவீதம், ஆண்களுக்கு 22 சதவீதம் குறைந்திருந்தன. ஆய்வில் சேர்ந்த பெண்களும் ஆண்களும் ஒரே மாதிரி ஆபத்தில் இருந்தவர்கள் இல்லை, அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டியபோது இடைவெளி கணக்கில் நிற்கவில்லை. மரணமோ பெண்களுக்கு 9 சதவீதம், ஆண்களுக்கு 10 சதவீதம் குறைந்தது. 1994-இல் பதில் தெரியாமல் நின்ற கேள்விக்கு 21 வருடம் கழித்துக் கிடைத்த பதில் இது.

மருந்து வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலும் வேறு மாதிரி இருக்கக் காரணமில்லை. ஈரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை ஸ்டாட்டின் குறைக்கிறது, உடனே ஈரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து பிடித்துக்கொள்ள ஆரம்பிக்கிறது, எல்.டி.எல். இறங்குகிறது. ஆண் ஈரல், பெண் ஈரல் என்று இதில் கிடையாது.

உங்கள் விஷயம் இன்னும் தெளிவு, ஏனென்றால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. நீங்கள் சாப்பிட்ட அதே அட்டார்வாஸ்டாட்டின் 10-ஐ பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதய நோய் இல்லாத சர்க்கரைக்காரர்கள் 2,838 பேரிடம் டம்மியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தி 2004-இல் முடிவை வெளியிட்டார்கள்: மாரடைப்பு, பக்கவாதம் வகையறா 37 சதவீதம் குறைவு. நாத்தனாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், இந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அதே குரூப்பில் போட்டுவிடுங்கள்.

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு 54, அவளுக்கு 50. இருவருக்கும் எல்.டி.எல். 140-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. எனக்கு மாத்திரை, அவளுக்கு "நடந்தால் போதும்". இது பாரபட்சம் இல்லையா? — வாசகர், கோவில்பட்டி

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாத்திரை எழுதும்போது எல்.டி.எல். எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, அடுத்த பத்து வருடத்தில் இந்த ஆளுக்கு மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிறார்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பு வந்த ஆண்களின் இடைநிலை வயது 56, பெண்களுக்கு 65. ஒன்பது வருட இடைவெளி. நீங்கள் சிகரெட் பிடிப்பவராகவோ பிரஷர் உள்ளவராகவோ இருந்தால் அந்த இடைவெளி இன்னும் விரியும். ஆபத்து குறைவாக இருப்பவருக்கு மாத்திரையின் சதவீதப் பலன் அதேதான், ஆனால் நூறு பேரில் எத்தனை பேர் தப்பிப்பார்கள் என்று எண்ணினால் ஆள் கணக்கு குறைவாக வரும். "பெண்களுக்குப் பலன் குறைவு" என்று சிலர் சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

ஆனால் அந்த "நடந்தால் போதும்" என்பதைச் சொல்வதற்கு முன் உங்கள் மனைவியிடம் சில கேள்விகள் கேட்டார்களா என்பதுதான் எனக்கு முக்கியம். பிரசவத்தின்போது பிரஷர் ஏறிக் கை கால் வீங்கியதா? அப்போது சர்க்கரை வந்து, பிறகு சரியாகிவிட்டதா? 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா? முடக்குவாதம், லூபஸ் மாதிரி உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் ஏதாவது? 2018-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலில் பிரசவகால பிரஷர், சீக்கிரம் மாதவிடாய் நிற்பது இவற்றையெல்லாம் ஆபத்தைக் கூட்டும் காரணங்களாகவே சேர்த்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய பிரசவத்தைப் பற்றி இப்போது எந்த டாக்டரும் தானாகக் கேட்பதில்லை, பெண்களும் அதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வதில்லை. அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சர்க்கரை இருந்தால் கதையே வேறு. சர்க்கரை நோய் ஆண்களின் இதய ஆபத்தைக் கூட்டுவதைவிடப் பெண்களின் ஆபத்தைச் சுமார் 44 சதவீதம் கூடுதலாக ஏற்றுகிறது என்று 2014-இல் ஒரு பெரிய தொகுப்பு காட்டியது. அந்த ஒன்பது வருடச் சலுகையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது என்றும் அதே இன்டர்ஹார்ட் சொன்னது, ஆகவே நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தச் சலுகைக் கணக்கை அப்படியே போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்கிறது என்று படித்தேன். அப்படியானால் நின்ற பிறகு ஸ்டாட்டினுக்குப் பதில் அந்த ஹார்மோனையே கொடுத்துவிடலாமே? — ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

நல்ல கேள்வி சார். உங்களுக்குத் தோன்றிய இதே எண்ணம் மருத்துவ உலகத்துக்கும் வந்தது, கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்குமா என்ற பெரிய ஆய்வை முதலில் ஆண்களிடம் செய்தார்கள்! 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், மாரடைப்பு வந்த 8,341 ஆண்களிடம் பல கொலஸ்ட்ரால் மருந்துகளைச் சோதித்தபோது, ஒரு பகுதியினருக்குப் பெண் ஹார்மோன் கொடுத்தார்கள். இரண்டு அளவுகளில் கொடுத்தார்கள், இரண்டையும் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதிக அளவு எடுத்தவர்களுக்கு மாரடைப்பு கூடியது.

பெண்களிடம் முறையாகச் செய்து முடித்தது 1998-இல். இதய நோய் உள்ள, மாதவிடாய் நின்ற 2,763 பெண்கள். ஹார்மோன் எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். நன்றாக இறங்கியது, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். ஏறியது, லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அவ்வளவு அழகு. ஆனால் நாலு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால் மாரடைப்பும் இதய மரணமும் ஹார்மோன் பக்கம் 172, டம்மி பக்கம் 176. வித்தியாசமே இல்லை. முதல் வருடத்தில் ஹார்மோன் எடுத்தவர்களுக்குத்தான் அதிகம் வந்தது, ரத்தக்கட்டும் கூடியது. 2002-இல் ஆரோக்கியமான 16,608 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வையும் பாதியில் நிறுத்தினார்கள். இன்று மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் உடல் சூடு, வியர்வை, தூக்கமின்மைக்காக ஹார்மோன் கொடுப்பது வேறு, அதற்கு இடமுண்டு. இதயத்துக்காகக் கொடுப்பதில்லை. கொலஸ்ட்ரால் எண் இறங்குவது மட்டும் போதாது, எந்த மருந்தால் இறங்கியது என்பதும் முக்கியம் என்று மருத்துவர்கள் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

பெண்களுக்கு உடம்பு சின்னது, பாதி மாத்திரை போதும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். — வாசகி, ஆம்பூர்

பாதியா முழுசா என்பதை அடுத்த ரத்தப் பரிசோதனை சொல்லட்டும், கடைக்காரர் வேண்டாம். மாரடைப்பு வந்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த அளவு எழுதுவது உலகம் முழுக்க நடக்கிற தவறு, நீங்களாக அதை இன்னும் பாதியாக்க வேண்டாம்.

எனக்கு 63 வயது, எடை 45 கிலோ. ரோசுவாஸ்டாட்டின் ஆரம்பித்து மூன்று வாரத்தில் தொடை இரண்டும் கடுக்கிறது. மாடிப்படி ஏற முடியவில்லை. பெண்களுக்கு இது அதிகம் வருமாமே? நிறுத்தலாமா? — வாசகி, திருநெல்வேலி

முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள், அதுவும் இந்த வாரமே. சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனாலோ, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அளவு பலம் போனாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது அபூர்வம், ஆனால் வந்தால் விளையாட்டில்லை. அதற்கு வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்கள் பட்டியலில் பெண், வயதானவர், எடை குறைந்தவர், தைராய்டு குறைவாக உள்ளவர் எல்லாம் உண்டு. நீங்கள் அதில் மூன்றில் இருக்கிறீர்கள். ஆகவே சி.பி.கே. என்ற தசைப் பரிசோதனையும், கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனையும் செய்யச் சொல்வேன். தைராய்டு குறைவு பெண்களிடம்தான் அதிகம், அதுவே கொலஸ்ட்ராலையும் ஏற்றும், தசை வலியையும் கொடுக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டினைத் திட்டிக்கொண்டிருக்கும் கேஸ்கள் உண்டு.

பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால் இதையும் கேளுங்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரை லண்டனில் ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு மாதத்துக்கு: நாலு மாதம் ஸ்டாட்டின், நாலு மாதம் டம்மி, நாலு மாதம் வெறும் காலி பாட்டில், கலைத்துப் போட்ட வரிசையில். தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் மதிப்பெண் போட வேண்டும். எதுவும் சாப்பிடாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. டம்மி மாதங்களில் 15.4! அதாவது வலி பொய் இல்லை, மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எண்ணமே அதில் பெரும்பகுதியைக் கொண்டு வந்திருக்கிறது. தங்கள் முடிவைப் பார்த்த பிறகு பாதிப் பேர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். 2022-இல் 1,23,940 பேரை வைத்துப் பார்த்த தொகுப்பிலும் தசை வலி சொன்னவர்கள் ஸ்டாட்டினில் 27.1 சதவீதம், டம்மியில் 26.6 சதவீதம்.

இதைச் சொன்னால் "அப்போ என் வலி மனப்பிரமையா?" என்று கோபப்படுவார்கள். பெண்கள் வலி என்று சொன்னாலே "டென்ஷன்மா" என்று அனுப்பிவிடும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு என்பதால் அந்தக் கோபம் நியாயம்தான். நான் சொல்வது பரிசோதனை செய்த பிறகு. அப்புறமும் கடுத்தால் சில வாரம் நிறுத்திப் பார்த்து, வேறு ஸ்டாட்டின் அல்லது குறைந்த அளவில் ஆரம்பிக்கலாம். அதுவும் ஒத்துவரவில்லையா, ஸ்டாட்டின் அல்லாத மருந்துகளில் எஸெட்டிமைப் இருக்கிறது, பெம்ப்படோயிக் அமிலம் இருக்கிறது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் இந்த இரண்டாவது மருந்தைச் சோதித்த ஆய்வு 2023-இல் வந்தது. 13,970 பேர், அதில் கிட்டத்தட்ட பாதி, 48 சதவீதம், பெண்கள். இதய ஆய்வுகளில் இது எவ்வளவு அரிது என்பது மேலே எழுதியதைப் படித்தவர்களுக்குப் புரியும். இதய நிகழ்வுகள் 13 சதவீதம் குறைந்தன. யூரிக் அமிலம் ஏறும், அதனால் வரும் மூட்டு வலியான கௌட் உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

ஸ்டாட்டின் சாப்பிட்டால் பெண்களுக்குச் சர்க்கரை வந்துவிடும் என்கிறார்களே. எனக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.2. — வாசகி, பாண்டிச்சேரி

கொஞ்சம் கூட்டும், உண்மை. முன்பு சொன்ன ஜூப்பிட்டரில் புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் டம்மியில் 216 பேர், மருந்தில் 270 பேர். இந்தக் கூடுதல் பெண்களிடம் சற்று அதிகமாகத் தெரிந்தது, ஆனால் ஆண் பெண் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான். அதிக அளவு மாத்திரையில் இந்த ஆபத்து அதிகம், குறைந்த அளவில் குறைவு. யாருக்கு வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் உங்களைப் போல ஏற்கெனவே விளிம்பில் நின்றவர்களுக்கு. அந்த விளிம்புக்காரர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கிலும், 54 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்தபோது 134 ரத்தநாள நிகழ்வுகளும் மரணங்களும் தடுக்கப்பட்டிருந்தன. எனக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகும் என்றே தோன்றுகிறது, உங்கள் இதய ஆபத்து நிஜமாகவே கணிசமாக இருக்கும் பட்சத்தில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பாருங்கள், இரவுச் சாப்பாட்டில் ஒரு இட்லியைக் குறையுங்கள்.

எனக்கு வயது 29. பரம்பரையாகவே கொலஸ்ட்ரால், எல்.டி.எல். 260. அப்பாவுக்கு 42 வயதில் மாரடைப்பு. கல்லூரி நாளிலிருந்து ஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். இப்போது குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். மாத்திரையை என்ன செய்வது? — வாசகி, சென்னை

ஆண்களுக்கு வரவே வராத கேள்வி இது. பொதுவான வழக்கம், கருத்தரிக்க முயல்வதற்குச் சில மாதம் முன்பே ஸ்டாட்டினை நிறுத்துவது, கர்ப்பம் முழுக்கவும் தாய்ப்பால் கொடுக்கும்வரையும் தள்ளி வைப்பது. இரண்டு குழந்தை என்றால் மூன்று நாலு வருடம் உங்கள் ரத்தக்குழாய்கள் 260-லேயே இருக்கும், இதே பரம்பரைக் கொலஸ்ட்ரால் உள்ள ஓர் ஆணுக்கு அந்த இடைவெளி கிடையாது. ஆகவே எப்போது நிறுத்துவது, எத்தனை மாதம் பால் கொடுத்த பிறகு ஆரம்பிப்பது என்பதை முன்கூட்டியே இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் வேண்டுமானால் கொலஸ்டிரமின் என்ற பொடி மருந்தைக் கரைத்துக் கொடுக்கலாம். அது குடலிலேயே தங்கிவிடும், ரத்தத்தில் கலக்காது. குடிக்க ருசியாக இருக்காது, மலச்சிக்கல் வரும்.

தெரியாமல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கர்ப்பமாகிவிட்டால் பதற வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், கருவைக் கலைக்க அது காரணமே இல்லை. ஸ்டாட்டின் எடுத்த 1,152 கர்ப்பங்களைப் பார்த்த 2015-ஆம் வருட அமெரிக்க ஆய்வில், தாயின் சர்க்கரை போன்ற மற்றக் காரணங்களைக் கழித்த பிறகு பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2021-இல் "கர்ப்பிணிகளுக்கு எந்நிலையிலும் கூடாது" என்ற கடுமையான தடையை எடுத்துவிட்டது. பெரும்பாலோர் நிறுத்த வேண்டும், மிக அதிக ஆபத்து உள்ள சிலருக்கு டாக்டர் தொடர்ந்து கொடுக்கலாம் என்பது இப்போதைய நிலை. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்பதை எக்கோவும் தேவைப்பட்டால் வேறு பரிசோதனைகளும் செய்துதான் சொல்ல முடியும், அதைக் கர்ப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் குழந்தைக்கு இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பள்ளிக்கூடம் சேரும் வயதையொட்டி ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்கள். கூடப் பிறந்தவர்கள் யாராவது இதுவரை பார்க்காமல் இருந்தால் அவர்களை இந்த மாதமே லேபுக்கு அனுப்புங்கள்.